அம்மாவின் ஆலை ஏன் தாய்லாந்துக்குப் போனது?

2015ஆம் ஆண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. யூபிஎஸ்ஆர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். ஒரு நாள் அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே வேலையிலிருந்து திரும்பினார். கையில் ஒரு பழுப்பு உறை. அதிலிருந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆண்டு இறுதியோடு ஆலை மூடப்படுகிறது, உற்பத்தி தாய்லாந்துக்கு மாற்றப்படுகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா அந்த ஆலையில் 21 ஆண்டுகள் வேலை செய்தவர். கணினிக்குள் தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு, அதன் நுண்பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுதானவற்றைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து சில இளம்பெண்கள் பயிற்சிக்காக வந்திருந்தார்கள். அம்மாதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வீட்டிலிருந்து தோசையும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் அவர்களுக்கும் கொடுப்பார். தன் வேலையை எடுத்துக்கொண்டு போகத்தான் அவர்கள் வந்தார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடிதம் வந்த பிறகுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

“அங்க சம்பளம் கம்மி பாப்பா. அதான் தூக்கிட்டுப் போயிட்டானுங்க” என்றார். பல ஆண்டுகள் நானும் அதையே நம்பினேன். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வந்த பிறகுதான் அந்த விடை பாதி சரி, பாதி தவறு என்று தெரிந்தது. நான் கற்றுக்கொண்டதை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலை நம்மிடம் வந்த கதை

போனதைப் பற்றிப் பேசுமுன் வந்ததைப் பற்றிப் பேசுவதுதான் நியாயம். பினாங்கு ஒரு காலத்தில் வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. 1969இல் அந்தத் தகுதி பறிபோனது. வாணிபம் சுருங்கியது, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதே ஆண்டில் முதலமைச்சரான துன் டாக்டர் லிம் சோங் யூவின் அரசு, தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தால்தான் பிழைக்க முடியும் என்று முடிவெடுத்தது. 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. வெளிநாட்டிலிருந்து மூலப்பொருளைச் சுங்கவரி இல்லாமல் இறக்கி, பொருளாக்கி, மீண்டும் வெளிநாட்டுக்கே அனுப்பலாம். புதிய தொழில்களுக்குச் சில ஆண்டுகள் வருமான வரிவிலக்கும் கிடைத்தது. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அதே ஆண்டில் அங்குத் தொடங்கியது.

ஏன் மின்னணுத் தொழில்? இதற்கு ஒரு நல்ல பொருளாதாரக் காரணம் இருக்கிறது. ஒரு சில்லு எடையில் மிகக் குறைவு, விலையில் மிக அதிகம். அதை விமானத்தில் அனுப்பினாலும் கட்டணம் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால், சில்லோடு மயிரிழை போன்ற கம்பியை இணைக்கும் வேலையை அக்காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு நிறைய ஆள்கள் தேவை. எனவே மூளை உழைப்பைக் கலிபோர்னியாவில் வைத்துக்கொண்டு கை உழைப்பை ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கச் சுங்கவரி அட்டவணையிலும் இதற்கு வசதி இருந்தது. 806.30, 807.00 என்ற இரு பிரிவுகளின்படி, அமெரிக்கப் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பொருத்தித் திரும்பக் கொண்டுவந்தால், வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும்.

இரண்டாவது அலை 1985க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் கையெழுத்தான பிளாசா ஒப்பந்தத்தால் ஜப்பானிய யென்னின் மதிப்பு கிடுகிடுவென ஏறியது. ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் என்று இருந்தது, 1988 வாக்கில் சுமார் 130 யென் என்று ஆனது. ஜப்பானில் செய்த பொருளுக்கு வெளிநாட்டில் விலை கூடிப்போனதால், ஜப்பானிய நிறுவனங்கள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஆலைகளைக் கொண்டுவந்தன. ஒரு நாடு வளர்ந்து சம்பளம் ஏற ஏற, அது பழைய தொழிலை அடுத்த நாட்டுக்குக் கைமாற்றிவிட்டுப் புதிய தொழிலுக்குப் போகும் என்று ஜப்பானியப் பொருளாதார அறிஞர் கனாமே அக்காமட்சு 1930களிலேயே எழுதினார். வானத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் வாத்துக் கூட்டத்தை அவர் உவமையாகச் சொன்னார்.

என் பாட்டி தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தோட்டத்து முச்சந்திக்கு ஆலை பஸ் வரத் தொடங்கியது. 1994இல் இருபது வயதில் அம்மா அந்த பஸ்ஸில் ஏறினார். அவருக்கு அன்று கிடைத்த வேலை, முன்பு வேறொரு நாட்டில் வேறொரு பெண் பார்த்த வேலையாக இருந்திருக்கலாம். இதை நான் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சம்பளம் மட்டும்தான் காரணமா?

இப்போது அம்மாவின் விடைக்கு வருவோம். ஒரு கணக்கு பார்க்கலாம். எண்கள் கற்பனை, முறை உண்மை.

முதல் ஆலையில் ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். அவர் மாதம் 3,000 பாகங்கள் செய்கிறார். ஒரு பாகத்துக்கான கூலிச் செலவு 50 காசு. இரண்டாவது ஆலையில் சம்பளம் 900 ரிங்கிட்தான். ஆனால், பழக்கமில்லாத ஆள்கள், அடிக்கடி நின்றுபோகும் இயந்திரங்கள். மாதம் 1,500 பாகங்கள்தான் முடிகிறது. ஒரு பாகத்துக்கு 60 காசு. சம்பளம் குறைந்த இடத்தில் கூலிச் செலவு கூடுதல்! இதைத்தான் பொருளாதாரத்தில் ஓர் அலகுக்கான உழைப்புச் செலவு என்கிறோம். முதலாளி பார்ப்பது சம்பளப் பட்டியலை மட்டுமல்ல, சம்பளத்தை உற்பத்தித்திறனால் வகுத்து வரும் எண்ணையும்தான்.

அதோடு வேறு செலவுகளும் சேரும். கப்பல் கட்டணம், சுங்கவரி, பொருள் கடலில் மிதக்கும் வாரங்களில் அதில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டி, பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு, மின்வெட்டு, கையூட்டு, நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கூட்டித்தான் ‘எங்கே மலிவு’ என்ற முடிவு எடுக்கப்படுகிறது.

உண்மையான எண்களுக்கு வருவோம். 2013 ஜனவரியில் மலேசியத் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று ஆனது. அதே மாதம் தாய்லாந்து நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 300 பாட் என்று நிர்ணயித்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 7,800 பாட். 2015, 2016ஆம் ஆண்டுகளின் நாணய மாற்று விகிதத்தில் அது கிட்டத்தட்ட 900 ரிங்கிட்! இரு நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றே.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை. 21 ஆண்டு அனுபவமுள்ள அம்மாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்தது உண்மைதான். புதிய பெண்களை வைத்தால் அந்த வேறுபாடு மிச்சம். ஆனால், அதற்காக மட்டும் ஓர் ஆலையையே கழற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டியதில்லை. வேறு காரணங்கள் இருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தின் மதிப்பு

முதல் காரணம் அண்டை வீட்டார். ஒரு வன்தட்டில் சுழலும் தட்டு, அதைச் சுழற்றும் மோட்டார், தகவலை எழுதிப் படிக்கும் முனை, அதைத் தாங்கும் கை, அடித்தகடு எனப் பல பாகங்கள் உண்டு. இவற்றில் பலவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் செய்கின்றன. இவை அருகருகே இருந்தால் காலையில் கேட்ட பாகம் மாலையில் வந்துவிடும். கிடங்கில் குவித்து வைக்க வேண்டாம். பழுது கண்டால் அந்த ஆலைக்காரரை நேரில் அழைத்துக் காட்டலாம். ஓர் இடத்தில் வேலை செய்த பொறியியலாளர் நாளை அடுத்த ஆலைக்கு மாறுவார், அவரோடு அனுபவமும் மாறும். ஆலைகள் இப்படிக் கூட்டமாக இருப்பதால் கிடைக்கும் இலாபத்தை ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890இலேயே விளக்கியிருக்கிறார்.

வன்தட்டுத் தொழிலில் அந்தக் கூட்டம் தாய்லாந்தில் சேர்ந்தது. எவ்வளவு பெரிய கூட்டம் என்பதை 2011இல் உலகமே பார்த்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த பெருவெள்ளத்தில் அயுத்தயா, பாத்தும் தானி வட்டாரங்களின் தொழிற்பேட்டைகள் மூழ்கின. உலகெங்கும் வன்தட்டுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் வைத்ததன் விளைவு அது. அப்படியும் கூட்டம் கலையவில்லை. தண்ணீர் வடிந்ததும் அங்கேயே ஆலைகளைத் திரும்ப எழுப்பினார்கள். சேர்ந்திருப்பதால் வரும் ஆதாயம் அவ்வளவு பெரியது.

பொருளே மாறும்போது

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுழலும் தட்டு இல்லாமல், சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் திடநிலைச் சேமிப்பகங்கள் வந்தன. அவை வேகமானவை, அடிபட்டாலும் தாங்கும். மடிக்கணினிகள் அவற்றுக்கு மாறத் தொடங்கின. மடிக்கணினிக்கான வன்தட்டின் சந்தை சுருங்கியது. சந்தை சுருங்கும்போது ஒரு தொழிலுக்கு மூன்று இடங்களில் ஆலை தேவையில்லை. எஞ்சியதை ஓர் இடத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஓர் இடம் எது? பாகங்கள் செய்யும் ஆலைகள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம்தான்.

பொதுவில் அறியப்பட்ட ஒரு நிகழ்வைச் சான்றாகக் காட்டலாம். 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடி, அந்த உற்பத்தியைத் தாய்லாந்தில் ஒன்றுசேர்க்கப்போவதாக அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் திடநிலைச் சேமிப்பகத்துக்கான தன் இரண்டாவது ஆலையைத் தொடங்கும் பணியின் இறுதிக் கட்டத்தில் இருந்தது. அதே நிறுவனம், அதே நாடு. ஒரு கதவு மூடுகிறது, இன்னொன்று திறக்கிறது. சம்பளம் மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டாவது கதவு திறந்திருக்காது.

போனவை திரும்பி வரும் காலம்

2018 ஜூலையில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு 25 விழுக்காட்டுச் சுங்கவரி விதிக்கத் தொடங்கியது. சீனாவில் மட்டும் ஆலை வைத்திருந்த நிறுவனங்கள் ‘சீனாவோடு இன்னோர் இடமும் வேண்டும்’ என்று தேடின. வியட்நாமுக்கும் மெக்சிகோவுக்கும் இந்தியாவுக்கும் போனவை உண்டு. பினாங்குக்கும் கூலிமுக்கும் வந்தவையும் உண்டு. 2021 டிசம்பரில் இன்டெல் நிறுவனம் பினாங்கில் பத்தாண்டுகளில் 30 பில்லியன் ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. சில்லுகளைப் பொருத்திப் பரிசோதிக்கும் பணியில் உலக அளவில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று சொல்லப்படுகிறது. நம் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டாகவும் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. நம்மைவிடச் சம்பளம் குறைந்த நாடுகள் இருக்கும்போதும் ஆலைகள் இங்கு வருகின்றன. ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவமும் பாகங்கள் செய்து தரும் உள்ளூர் நிறுவனங்களும் இங்கே இருப்பதுதான் காரணம்.

இந்த இடத்தில் என் பாடநூல் மகிழ்ச்சியாக அத்தியாயத்தை முடித்துவிடுகிறது. நாடு முன்னேறியது, பழைய வேலை போய் உயர்ந்த வேலை வந்தது, மொத்தத்தில் இலாபம். ஆனால், எனக்கு அத்தியாயம் அங்கே முடியவில்லை.

வேலை வந்தது, ஆள் வேறு

அம்மாவின் ஆலை மூடியபோது அதே தளத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக ஒரு மாமா இருந்தார். அவருக்கு மூன்றே வாரத்தில் வேறோர் ஆலையில் வேலை கிடைத்தது, அதுவும் கூடுதல் சம்பளத்தில். எந்த இயந்திரமாக இருந்தாலும் மோட்டாரும் உணர்கருவியும் மின்சுற்றும் அவருக்குத் தெரிந்தவையே. அம்மாவின் திறமை அப்படியல்ல. ஒரு குறிப்பிட்ட பாகத்தில் ஒரு குறிப்பிட்ட கீறலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடிப்பார். 21 ஆண்டுகளில் சேர்த்த திறமை. ஆனால், அந்தப் பாகம் போனதும் அந்தத் திறமையை வாங்க ஆள் இல்லை. அவருக்கு அப்போது 41 வயது. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் எஸ்பிஎம் சான்றிதழும் 35 வயதுக்குட்பட்ட ஆளும் கேட்டார்கள். அம்மா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவர்.

பொருளாதாரத்தில் இதை இப்படிச் சொல்வார்கள்: சில திறமைகள் எங்கும் எடுத்துச் செல்லக்கூடியவை, சில திறமைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரியவை. ஆலை இடம் மாறினால் முதல் வகையினர் தப்பிக்கிறார்கள். இரண்டாம் வகையினர்தான் விலை கொடுக்கிறார்கள். மொத்த இலாபம் உண்மைதான். ஆனால், இலாபம் ஒரு வீட்டுக்கும் நட்டம் இன்னொரு வீட்டுக்கும் போகிறது. பாயான் லெப்பாசில் இன்று திறக்கும் ஆலைகள் தேடுவது பட்டதாரிப் பொறியியலாளர்களையும் தொழில்நுட்பர்களையும்தான். எஞ்சிய கை உழைப்பு வேலைகளில் பலவற்றுக்கு நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள்களை வரவழைக்கிறார்கள். ஆலை ஆளைத் தேடிப் போவது ஒரு வழி, ஆளை ஆலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் அம்மாவைப் போன்றவர்களுக்கு இடம் இல்லை.

சட்டம் கொடுத்தது என்ன? 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்த, ஆள்குறைப்புச் சலுகை விதிகளின்படி, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. 21 ஆண்டுக்கு 420 நாள் சம்பளம். அதாவது ஓராண்டுச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அம்மா அதில் வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார், என் இடைநிலைப்பள்ளிச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தார். வேலை இழந்தவருக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகையும் மறுபயிற்சியும் கொடுக்கும் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018இல்தான் நடப்புக்கு வந்தது. அம்மாவுக்கு அது இரண்டாண்டு தாமதம். இன்று அவர் ஒரு மருத்துவமனையில் குத்தகை நிறுவனத்தின் கீழ் துப்புரவு வேலை செய்கிறார். பூதக்கண்ணாடி தேவைப்படாத வேலை.

நம் பங்கு என்ன?

ஆலை போகாமல் தடுக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது என்றே சொல்வேன். தடுத்திருந்தால் 1972இல் நமக்கும் வந்திருக்காது. ஆனால், ஆலை இருக்கும்போதே ஆளைத் தயார்ப்படுத்த முடியும். அதற்கான ஏற்பாடு நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளும் அரசும் கைகோத்து நடத்தும் மையம் அது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, முதலாளிகள் சம்பளச் செலவில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்டும் முறையும் வந்தது. பயிற்சிக்குப் பணம் இருக்கிறது. யாரை அனுப்புகிறார்கள் என்பதே கேள்வி. அம்மா 21 ஆண்டுகளில் போனது ஒரே ஒரு நாள் தீயணைப்புப் பயிற்சிக்குத்தான். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்களா என்று தெரியாது. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலருடைய அம்மாவோ அக்காவோ சித்தியோ இன்றும் ஆலை பஸ்ஸில் போய்வருபவர்கள்தான். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உங்கள் ஆலை செய்யும் பொருளை உலகம் பத்தாண்டுக்குப் பிறகும் வாங்குமா? நீங்கள் கற்ற வேலையை வேறோர் ஆலையிலும் செய்ய முடியுமா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால், மனிதவளப் பிரிவில் என்னென்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பாரத்தை நிரப்ப நீங்கள் உதவுங்கள். ஆலைகளில் பொறியியலாளராகவும் மேலாளராகவும் இருக்கும் முன்னாள் மாணவர்களே, பயிற்சிப் பட்டியல் தயாரிக்கும்போது உற்பத்தித் தளத்தில் இருக்கும் அக்காமார்களின் பெயரையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் தொலைபேசியில் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பாட் கணக்கை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். “அப்படின்னா அந்தப் பிள்ளைங்களுக்கும் எங்க சம்பளந்தானா?” என்றார். ஆமாம் என்றேன். “பாவம், அதுங்களும் கஷ்டப்படுற பிள்ளைங்கதான்” என்று சொல்லிவிட்டு, வார இறுதியில் வீட்டுக்கு வருவேனா என்று கேட்டார்.